ஆயர் ஒன்லி

பூவம்மாவின் மோட்டார் சைக்கிளுக்கு இருமல் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. பூவம்மாவுக்கு அலுப்பு வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. இரண்டில் எதை முதலில் கவனிப்பது என்றால் வண்டியைத்தான். வண்டி நின்றுபோனால் வேலை போய்விடும். ஆள் அலுத்துப்போனால் ஒன்றும் ஆகாது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

வீடு ஜொகூரில், மாசாய்ப் பக்கம். வேலை சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், காலைப் பலகாரத்துக்குப் பேர்போன ஒரு சாப்பாட்டுக்கடையில். நடுவே ஒரு கடற்பாலம், இரண்டு நாட்டுக் குடிநுழைவு, அதே நேரத்தில் அதே பாலத்தை நம்பிக் கிளம்பி வந்த ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள். ஏழு மணிக்குத் தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்க வேண்டுமென்றால் நாலரைக்கே வீட்டுக் கதவைப் பூட்ட வேண்டும். புருஷன் மாணிக்கம் குவாந்தான், ஈப்போ என்று லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கிற நாளைவிட இல்லாத நாளே அதிகம். ஆகவே பத்திரமாகப் போய் வா என்று சொல்லவும் ஆள் கிடையாது. நாற்பத்தொன்பது வயதில் பூவம்மா, வரிசையில் வண்டியை நிறுத்தி, இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள்ளேயே தூங்கக் கற்றிருந்தாள். பின்னால் இருப்பவன் ஹாரன் அடித்தால் கண் திறக்கும் முன்பே வண்டி ஒரு முழம் நகர்ந்திருக்கும்.

இப்படி ஆறு வருடம். நம்மால் ஆறு நாள் முடியுமா, சொல்லுங்கள்.

அந்த மாதம் அவளுக்குப் போதாத மாதம். முதல் வாரத்தில் அடைமழை. பாலத்தின் மேல் ஒன்றும் நகரவில்லை, நாற்பது நிமிடம் தாமதம். இரண்டாவது வாரத்தில் வண்டி இருமத் தொடங்கியது. வழியில் மூன்று இடத்தில் நின்று நின்று வந்ததில் இன்னொரு தாமதம். கடை முதலாளி வைதேகி முப்பத்தெட்டு வயதுக்காரர், சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஏழு மணிக்கு வாசலில் கூட்டம் நிற்கும்போது நல்லவராக இருக்க நேரம் கிடைக்காதவர், அவ்வளவுதான். அன்று பூவம்மாவைத் தனியே கூப்பிட்டார்.

“வண்டியச் சரி பண்ணிட்டு வாங்க அக்கா. இன்னொரு லேட்டுன்னா, பெர்மிட் ரினியூ பண்றது கஷ்டம்லா. இங்கேயே இருக்கிற ஆளா பார்த்துக்கலாம்னு தோணுது.”

வேலை பெர்மிட் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. பூவம்மா விரலை மடக்கி நாளை எண்ணிப் பார்த்தாள். ஜொகூரில் வேலை கிடைக்காமலில்லை. ஆனால் அம்பதை எட்டப்போகிற பொம்பளைக்குக் கிடைக்கிற வேலை எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

இதற்கு அடியில் இன்னொரு பயம் ஆறு வருடமாகக் கிடந்தது. பூவம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், பிறகு மலாய்ப் பள்ளியில் மூன்று வருடம். தமிழை மணிமணியாக எழுதுவாள், மலாயைத் தண்ணீராகப் படிப்பாள். ஆங்கிலத்தில் எழுத்துகள் தெரியும், அங்கங்கே ஒரு சொல் தெரியும். சேர்த்து வைத்தால் ஒட்டாது. வேலைக்குச் சேரும்போது கடைப் படிவத்தை நிரப்பிக் கொடுத்த ஏஜென்ட், ஆங்கிலம் படிக்கத் தெரியுமா என்ற கட்டத்தில் தெரியும் என்று டிக் போட்டுவிட்டான். பூவம்மா வாயைத் திறக்கவில்லை. தோசைக்கல்லுக்கு வரும் ஆர்டர் சீட்டெல்லாம் ஆங்கிலம். மசாலா எவ்வளவு நீளம், ரவா எவ்வளவு குட்டை என்று சொற்களை உருவத்தை வைத்தே அடையாளம் பிடித்து வைத்திருந்தாள். சீட்டில் கூடுதலாக ஒரு வரி இருந்தால் கையைத் துடைத்துக்கொண்டு கல்லாவில் இருக்கும் ஜரீனாவிடம் போய்விடுவாள். ஜரீனாவுக்கு விஷயம் தெரியும், வெளியே சொன்னதில்லை. இப்போது ஜரீனாவும் மகள் பிரசவத்துக்காக ஒரு மாத விடுப்பில் போயிருந்தார்.

முதலாளி மேடத்திடம் சொல்லிவிடலாம் என்று ஒருமுறை முயன்றும் பார்த்தாள். வாய் வரவில்லை, கைதான் வந்தது. சனிக்கிழமைதோறும் மளிகைப் பட்டியல் எழுதுவது அவள் வேலை. கார்பன் வைத்த புத்தகத்தில் தமிழில் எழுதுவாள். வைதேகி கையெழுத்துப் போடுவார், மேல்தாள் பக்கத்துத் தெரு மளிகைக்கடைக்குப் போகும், நகல் புத்தகத்திலேயே இருக்கும். போன தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, உளுந்து, புளி, காய்ந்த மிளகாய், பெருங்காயம் என்று வரிசையாக எழுதிவிட்டு, கடைசி வரியாக ‘மேடம், எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது, மன்னிக்கவும்’ என்று எழுதி வைத்தாள்.

திங்கட்கிழமை புத்தகம் திரும்பி வந்தது. உளுந்துக்கு ஒரு டிக். மிளகாய்க்கு ஒரு டிக். மன்னிப்புக்கும் ஒரு டிக். கீழே கையெழுத்து.

அதற்கு என்ன அர்த்தம்? சரி, பரவாயில்லை என்றா? தெரிந்துகொண்டேன், இனி உன்னைக் கவனிக்கிறேன் என்றா? மேடம் அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. மேல்தாளைப் பார்த்த மளிகைக்கடைக்காரரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்படியொரு சரக்கு அவர் கடையில் இல்லை போலிருக்கிறது. அன்றிலிருந்து வைதேகி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு வரும் நாளெல்லாம், இன்றைக்குத்தான் கேட்கப்போகிறார் என்று பூவம்மா நினைத்துக்கொள்வாள். இருட்டில் எழுந்து வண்டி ஓட்டுவதைவிட இதுதான் அவளை அதிகமாகக் களைக்க வைத்தது.

சரி, வண்டிக்கு வருவோம்.

ஜாலான் புசார் பக்கம் சின்னதாக மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் சேவியர், காலையில் பொங்கல் சாப்பிட வருகிறவர். அவரிடம் வண்டியைக் காட்டினாள். அவர் ஆக்சிலேட்டரை இரண்டு முறை முறுக்கி, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது, மூச்சுவிட முடியாமல்தான் இருமுகிறது என்றார். பட்டறையில் வியாழன்வரை வண்டிகள் வரிசையில் நின்றன. பூவம்மாவால் ஒரு நாள்கூட வண்டியை விட்டுவிட்டுப் போக முடியாது. அவளுக்கு லீவு ஞாயிறு, அன்று அவர் பட்டறையும் லீவு. அவள் வீட்டுப் பக்கத்துப் பட்டறைக்காரரிடம் போகலாம்தான். அந்த மனிதர் வடிகட்டியைத் திறந்தால் பின் டயர்வரை மாற்றச் சொல்வார்.

“சின்ன வேலைதான் அக்கா. சண்டே நீங்களே கழட்டிக் க்ளீன் பண்ணிரலாம். ஸ்டெப் ஸ்டெப்பா டெக்ஸ்ட் பண்றேன்.”

போனில் பேசிச் சொல்லுங்களேன் தம்பி என்று கேட்டுப் பார்த்தாள். டெக்ஸ்ட் என்றால் கண் முன்னால் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்யலாம், மறக்காது என்றார். நியாயமான பேச்சு. எனக்குப் படிக்க வராது என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவள் தலையாட்டினாள். ஆறு வருடத் தலையாட்டல், சட்டென்று நிற்குமா?

சேவியர் தமிழை வெளுத்து வாங்குவார், ஆனால் வாயால்தான். போனில் தட்டுவதெல்லாம் ஆங்கிலம். சனிக்கிழமை சாயந்திரம் அவரிடமிருந்து ஒன்பது வரி வந்தது. கூடவே படங்கள், படங்களில் சிவப்பு வட்டங்கள். படம் இருந்தவரை பூவம்மாவுக்குக் கவலையில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. வீட்டு முன்கூரைக்கு அடியில் வண்டியை இழுத்து நிறுத்தி, பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முதல் படத்தில் சாவி, அதன் மேல் பெருக்கல் குறி. சாவியை எடுத்துப் பையில் போட்டாள். இரண்டாவது படத்தில் நடு ஸ்டாண்டு. மூன்றாவதில் எஞ்சினை நோக்கி ஒரு விரல், விரல் நுனியில் நெருப்பு. சூடு ஆறட்டும் என்கிறார். வண்டி காலையிலிருந்து ஓடவே இல்லை, ஆனாலும் சொன்னதைச் செய்ய வேண்டுமென்று புறங்கையை வைத்துப் பார்த்தாள். நான்காவது படத்தில் மூடியின் வெளிப்புறத்தை ஒரு துணி துடைத்துக்கொண்டிருந்தது. திறந்த பிறகு துடைத்தால் அழுக்கு உள்ளே விழும் என்பது அவளுக்கே புரிந்தது. ஊறுகாய் ஜாடியைத் திறக்கிறவளுக்கு இதைப் படம் போட்டா காட்ட வேண்டும்?

ஐந்து திருகாணிகள். இரண்டு நீளம், மூன்று குட்டை. எது எந்தத் துளையில் இருந்ததோ அதே வரிசையில் மைலோ டின் மூடியில் வட்டமாக அடுக்கினாள். மூடியைக் கழற்றியதும் வடிகட்டி தெரிந்தது. உதறாமல், சாய்க்காமல், நேராக இழுக்க வேண்டும் என்று அடுத்த படத்தின் அம்புக்குறி சொன்னது. அப்படியே இழுத்தாள். மடிப்பு மடிப்பாக ஒரு காகித விசிறி மாதிரி இருந்தது அது. வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பிறந்திருக்கும், இப்போது கன்னங்கரேல் என்றிருந்தது. கடற்பாலத்தில் வரிசையில் நின்ற ஒவ்வொரு நாளின் புகையும் அதில் இருந்தது. நமக்கும் உள்ளே இப்படித்தானே இருக்கும், நம்மை யார் கழற்றிப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

வடிகட்டி இருந்த இடத்துக்குப் பின்னால் எஞ்சினுக்குப் போகிற வாய். ஏழாவது படத்தில் அந்த வாயைச் சுத்தமான துணி ஒன்று அடைத்திருந்தது, துணியின் வால் வெளியே தொங்கியது. இதுவும் உடனே விளங்கிவிட்டது. ஒரு திருகாணி உள்ளே விழுந்தால் எஞ்சின் காலி. வால் எதற்கென்றால், துணியை உள்ளே மறந்து வைத்து மூடிவிடாமல் இருக்க. பழைய சிவப்பு நைட்டியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து அடைத்து, வாலை நீளமாக விட்டாள். பிறகு பெட்டிக்குள் படிந்திருந்த மண்ணை வழித்து எடுத்தாள். வண்டி அக்கு வேறு ஆணி வேறாகப் பிரிந்து, ஆனால் ஒழுங்காகக் கிடந்தது. சேவியர் பார்த்திருந்தால் வேலைக்கே வைத்துக்கொண்டிருப்பார்.

எட்டாவது வரிக்குப் படம் இல்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தாள். முதல் சொல் க்ளீன். பாத்திரம் கழுவும் இடத்துப் பாட்டில்களில் இருக்கிற சொல். கடைசிச் சொல் ஒன்லி. அடுப்படிக் கதவில் ஸ்டாஃப் ஒன்லி என்று எழுதியிருக்கிறது, வேறு யாரும் வரக்கூடாது என்று ஜரீனா சொல்லியிருக்கிறார். நடுவில் குட்டியாக ஒரு சொல், அது கிடக்கட்டும். அதற்கடுத்து, மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே பெரிய எழுத்தில் தட்டியதுபோல, ஏ, ஐ, ஆர்.

அதைப் படிக்க அவளுக்கு யார் தயவும் தேவையில்லை. மாதாமாதம் வீட்டுக்கு வரும் தண்ணீர் பில்லின் தலையிலேயே அந்த மூன்றெழுத்து இருக்கிறது. மலாய்ப் பாடத்தில் முதல் வாரம் படித்த சொல். ஆயர். தண்ணீர்.

தண்ணீர் மட்டும். அதாவது சோப்பு கூடாது. எவ்வளவு அக்கறையாகச் சொல்லியிருக்கிறார் என்று சேவியரை மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். தானாகச் செய்திருந்தால் சோப்பை ஊற்றியிருப்பாள்.

சேவியர் எழுதியது ஆங்கிலம். அதே மூன்றெழுத்துக்கு அதில் காற்று என்று பொருள். உள்ளிருந்து வெளியே காற்றடித்துத் தூசியை விரட்டு, வேறொன்றும் செய்யாதே என்றார் அவர். காகித வடிகட்டியில் ஒரு சொட்டு ஈரம் படக்கூடாது. இதைப் பூவம்மா யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்பீர்கள். புரியாத சொல்லைத்தான் மனுஷி கேட்பாள். புரிந்துவிட்ட சொல்லை ஏன் கேட்கப்போகிறாள்?

குழாயடியில் வைத்து நாலு தண்ணீர் விட்டு அலசினாள். கறுப்பு போய், பழுப்பு போய், தண்ணீர் தெளியும்வரை விடவில்லை. பிழியவில்லை, துண்டால் ஒற்றி எடுத்தாள். வெயில் இல்லாததால் மின்விசிறிக்கு நேரே சாயங்காலம்வரை நிறுத்தி வைத்தாள். தொட்டுப் பார்த்தால் மேலே காய்ந்திருந்தது. மடிப்புக்கு உள்ளே என்ன நிலைமை என்று விரல் சொல்லவில்லை. சிவப்புத் துணியை மறக்காமல் உருவி, வடிகட்டியை நேராகச் செருகி, திருகாணிகளை எடுத்த வரிசைக்கு எதிர் வரிசையில் போட்டு முடுக்கினாள். ஒரு வேலையைத் தானே முடித்துவிட்ட நிம்மதியில் எட்டு மணிக்கே படுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை வண்டி கிளம்பும்போதே கொஞ்சம் முனகியது. மழைக் குளிர் என்று நினைத்தாள். பாலத்தில் ஊர்ந்தபோது ஒன்றும் தெரியவில்லை. உட்லண்ட்ஸைக் கடந்து விரைவுச்சாலையில் ஏறி முறுக்கியபோதுதான் தெரிந்தது. முறுக்க முறுக்க வண்டிக்கு மூச்சு முட்டியது. கிராஞ்சிக்குப் பிரிகிற இடத்தைத் தாண்டியதும் இரண்டு முறை தூக்கிப்போட்டு, அடங்கிவிட்டது. ஓரத்துக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. மணி ஆறு ஐந்து.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொழிலாளர் விடுதிகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் போயின. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அவர்களும் அரைத் தூக்கத்தில்தான் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சாலை உதவி வண்டி வந்து, அவளையும் மோட்டார் சைக்கிளையும் பக்கத்து வண்டி நிறுத்துமிடம் ஒன்றில் இறக்கிவிட்டுப் போனது. சேவியருக்கு போன் செய்தாள். அவர் வீடு உட்லண்ட்ஸ் பக்கம்தான். இருங்கள், வருகிறேன் என்றார்.

வருவதற்குள் ஏழு மணி ஆகிவிட்டது. அந்த ஏழு மணி வருவதைப் பூவம்மா போனில் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆறு ஐம்பத்தொன்பது ஏழாக மாறியபோது ஏனோ அழுகைகூட வரவில்லை. உட்கார்ந்தால் தேவலை என்றுதான் தோன்றியது.

சேவியர் ஐந்து திருகாணியையும் சுழற்றி எடுத்தார். வடிகட்டியை இழுத்தவர் அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார். மடிப்புகள் உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் கிழிந்து, கஞ்சியில் ஊறிய அப்பளம் மாதிரி இருந்தது.

“யாருக்கா இதத் தண்ணியில போட்டது?”

“நீங்கதான தம்பி சொன்னீங்க. தண்ணி மட்டும்தான்னு.”

அவர் தம் போனை எடுத்துப் பார்த்தார். இல்லையே, ஏர் என்றுதானே போட்டிருக்கிறேன், காற்று, காற்றடிக்கச் சொன்னேன் என்றார். பூவம்மா தன் போனில் அந்த வரியைக் காட்டி, மூன்றெழுத்தின் கீழே விரலை வைத்தாள்.

“ஆயர்.”

சேவியருக்கும் மலாய் தெரியும். மறுபடி பார்த்தார். முதலில் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் பாதியிலேயே நின்றுவிட்டது.

“அக்கா, உங்களுக்கு இங்கிலீஷ் படிக்க...”

“வராது தம்பி,” என்றாள். ஆறு வருடத்தில் முதல் முறையாக ஒரு வெளி ஆளிடம் சொல்லியாயிற்று. வானம் இடிந்து விழவில்லை. பக்கத்தில் யாரோ காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சேவியர் பழைய வடிகட்டியை ஓரமாக வைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று புது வடிகட்டி ஒன்று கொண்டுவந்திருந்தார். எஞ்சினின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து, ஈரத்தைத் துடைத்து, துணியால் அடைத்து, பெட்டியை உலர்த்தினார். நான் போனிலேயே பேசிச் சொல்லியிருக்கலாம், ரெண்டு நிமிஷம் ஆகியிருக்காது என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டார். பூவம்மாவின் போனில் வைதேகியிடமிருந்து நாலு செய்திகள் வந்திருந்தன. அவரையே படிக்கச் சொன்னாள். எங்கே இருக்கிறீர்கள் என்று முதல் மூன்று. வந்ததும் என்னை வந்து பாருங்கள் என்று நாலாவது.

வண்டி வழியில் நின்றுவிட்டது என்று நல்ல இங்கிலீஷில் அவள் போனிலிருந்தே பதில் தட்டித் தருவதாகச் சேவியர் சொன்னார். நல்ல மனசுதான். வேண்டாம் என்றாள் பூவம்மா. வண்டியைச் சரி பண்ணிவிட்டு வா என்று மேடம் சொல்லியிருந்தார். வண்டி நின்றுவிட்டது என்றால், பண்ணவே இல்லை என்றுதான் ஆகும். பண்ணினேன் என்றால், பண்ணின வண்டி ஏன் நின்றது என்பார். அதற்கு மேல் ஒரு பொய்யைக் கட்டி எழுப்ப வேண்டும். பொய் சொல்லவும் தெம்பு வேண்டாமா? அவளிடம் அது தீர்ந்துபோயிருந்தது.

புது வடிகட்டியோடு வண்டி பூப்போலக் கிளம்பியது. கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டு இருபது.

உள்ளே நல்ல கூட்டம். தோசைக்கல்லுக்கு முன்னால் வைதேகியே நின்றார். முடியெல்லாம் வியர்வையில் ஒட்டி, ஒரு விரலில் சுட்டுக்கொண்ட தடம். பூவம்மாவைப் பார்த்ததும் கரண்டியைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். பத்து மணிவரை தோசை ஊற்றினாள். கூடுதல் வரி வந்த சீட்டுகளை, ஜரீனாவுக்குப் பதிலாகக் கல்லாவில் இருந்தவரிடம் கேட்டுக் கேட்டுச் செய்தாள். கூட்டம் குறைந்ததும் பின்கட்டில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைதேகி காத்திருந்தார்.

பூவம்மா சுற்றி வளைக்கவில்லை. மழை, டெக்ஸ்ட், மூன்றெழுத்து, தண்ணீர், விரைவுச்சாலை என்று எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்பதையும் சொன்னாள். வைதேகி சிரிக்கவில்லை.

“கச்சான் ஆகாதுன்னு ஒருத்தர் சீட்டுல எழுதியிருந்தா? நீங்க வேர்க்கடலைச் சட்னி வச்சு அனுப்பியிருந்தா, என்ன ஆகும்க்கா?”

அப்படி வந்தால் ஜரீனாவிடம் கேட்பேன், கேட்காமல் ஒரு தட்டும் போனதில்லை என்று பூவம்மா மெதுவாகச் சொன்னாள். அது உண்மைதான். ஆனால் கேள்வியும் உண்மையான கேள்விதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த பயத்தில் எத்தனையோ நாள் அவளுக்கே தூக்கம் வந்ததில்லை.

“ஆறு வருஷம் அக்கா. ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லல நீங்க.”

“சொன்னேன் மேடம். எழுதிக் குடுத்தேன். நீங்க கையெழுத்துப் போட்டீங்க.”

வைதேகிக்குப் புரியவில்லை. பூவம்மா ஆணியில் தொங்கிய பட்டியல் புத்தகங்களில் பழையதை எடுத்து, தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமையைத் தேடிப் பிடித்து, அவர் கையில் கொடுத்தாள். கார்பன் நகல், கொஞ்சம் மங்கியிருந்தது. வைதேகி உடனே படிக்கவில்லை. தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பிறகு கடைசி வரியின் கீழே விரலை வைத்தார்.

“மே... டம். எ... ன... க்கு.”

அப்போதுதான் பூவம்மாவுக்கு உறைத்தது. மேடம் தமிழைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான். பரீட்சை முடிந்த அன்றே எழுத்தோடு உறவை முறித்துக்கொண்டவர். இத்தனை வருடமாகப் பட்டியலில் கையெழுத்துப் போட்டாரே தவிர, ஒரு வரியையும் படித்ததில்லை. தினமும் தோசைக்கல்லுக்கு முன்னால் தான் என்ன செய்தாளோ அதையேதான் அவரும் சனிக்கிழமைதோறும் செய்துகொண்டிருந்தார். இதைக் கண்டுபிடித்ததில் பூவம்மாவுக்குச் சந்தோஷம் ஒன்றுமில்லை. எவ்வளவு வீணாகப் பயந்திருக்கிறோம் என்றுதான் நினைத்தாள். மூட்டையின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

வைதேகி ‘இங்’கில் நின்றுவிட்டார். அது என்ன எழுத்து என்று கேட்டார். பூவம்மா சொன்னாள். மறுபடி தொடங்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கோத்து, மன்னிக்கவும் வரை வந்து சேர்ந்தார். அவர் விரல் அங்கிருந்து நகர்ந்து, பக்கத்தில் தாம் போட்ட டிக்கின் மேல் போய் நின்றது.

“வேற எதுவும் இந்த மாதிரி எழுதியிருக்கீங்களா அக்கா?” குரல் இறங்கிப்போயிருந்தது.

“இல்ல மேடம். இதுக்குத்தான் டிக் போட்டுக் குடுத்துட்டீங்களே.”

வைதேகி புத்தகத்தை மூடினார். உள்ளே போய், புதிதாக ஒரு கடைப் படிவத்தையும் பேனாவையும் எடுத்துவந்து ஒரு மூட்டையில் உட்கார்ந்தார். பூவம்மாவையும் உட்காரச் சொன்னார். பெர்மிட்டைப் புதுப்பிப்பதாகச் சொன்னார். ஆனால் தோசைக்கல் வேண்டாம், சீட்டுப் பக்கமே வேண்டாம், மாவரைக்கும் பக்கம் போய்விடுங்கள் என்றார். மாவு வாளி தூக்குகிற வேலை. இடுப்பு ஒடியும். தோசைக்கல் பூவம்மாவுக்கு உயிர், அவள் ஊற்றுகிற தோசைக்கென்றே வருகிறவர்கள் இருந்தார்கள். வழக்கம்போலத் தலையாட்டப் போனவள் நிறுத்திக்கொண்டு, ஜரீனா திரும்பி வந்ததும் கல்லைப் பற்றி மறுபடி பேசலாமா மேடம் என்று கேட்டாள். பேசலாம் என்றார் வைதேகி.

பிறகு படிவத்தை முதல் வரியிலிருந்து வாயால் தமிழில் சொல்லத் தொடங்கினார். பெயர், முகவரி, வேலை நேரம், லீவு. முன்கடையிலிருந்து யாரோ இரண்டு முறை கூப்பிட்டார்கள், அவர் எழுந்து போகவில்லை. பூவம்மாவுக்குக் கண் செருகிக்கொண்டு வந்தது, ஆனாலும் ஒரு வரியையும் விடாமல் கேட்டாள். ஆங்கிலம் படிக்கத் தெரியுமா என்ற இடம் வந்ததும் வைதேகி நிமிர்ந்தார்.

“தெரியாதுன்னு போடறேன் அக்கா.”

“போடுங்க மேடம்.”

வைதேகி தெரியாது என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டார்.